டேப்பில் இல்லாத பாதி: பாட்டுப் புத்தகம் வைத்து ராக் கிட்டார் பழகுவது

ராக் பாட்டுப் புத்தகம் என்று கேட்டால் கையில் வருவது மூன்று நான்கு வகையில் ஏதாவது ஒன்றாக இருக்கும். அட்டையைப் பார்த்து வாங்கினால் ஏமாற நேரும். பியானோவுக்கும் பாடகருக்கும் எழுதி, மேலே சின்னச் சின்னக் கார்ட் கட்டங்களை ஒட்டிய புத்தகம் ஒரு வகை. அதில் பாட்டு முழுக்க இருக்கும், கிட்டார் ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் அந்தச் சின்னக் கிட்டார் துண்டு, இருக்காது. வரிகளும் கார்ட் பெயர்களும் மட்டும் உள்ளது இன்னொரு வகை. நண்பர்கள் கூடிப் பாட அது போதும், ராக் கற்க உதவாது. மூன்றாவது, 'எளிய கிட்டார்' பதிப்பு. சுருதி, ரிஃப் எல்லாவற்றையும் எளிமைப்படுத்தியிருப்பார்கள், அதனால் அசல் ஒலிப்பதிவோடு சேர்ந்து வாசிக்க முடியாது. சேர்ந்து வாசிக்க முடியாவிட்டால் பாதிப் பயன் போய்விடும்.

நமக்கு வேண்டியது நான்காவது வகை, ஒலிப்பதிவில் உள்ளதை அப்படியே எழுதியது. நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். மேலே ஐந்து கோட்டு இசைக்குறிப்பு, அதன் கீழே ஆறு கோட்டு டேப் (கம்பிக்கு ஒரு கோடு போட்டு, விரல் வைக்கும் இடத்தை எண்ணால் காட்டும் குறிப்பு), ஓரத்தில் 'கிட்டார் 1', 'கிட்டார் 2' என்று தனித்தனி வரிகள். இந்த மூன்றும் இருந்தால் அதுதான்.

டேப்பின் ஆறு கோடுகளில் மேல் கோடுதான் மெல்லிய கம்பி, அதாவது முதல் கம்பி. மடியில் இருக்கும் கிட்டாரைக் குனிந்து பார்த்தால் தடித்த கம்பிதான் மேலே தெரியும், அதனால் முதல் இரண்டு நாள் எல்லோருக்கும் குழப்பம் வரும். கோட்டின் மேல் உள்ள எண் ஃபிரெட்டை, அதாவது கிட்டார் கழுத்தில் உலோகக் கோடுகள் பிரிக்கும் கட்டத்தை, குறிக்கும். பூஜ்யம் என்றால் விரல் வைக்காத கம்பி, பெருக்கல் குறி என்றால் சுருதி இல்லாமல் 'டக்' என்று அடைத்து அடிப்பது. இந்த முறை ராக்கோடு வந்ததல்ல. வெனிஸில் பெத்ருச்சி 1507-இலேயே லூட் வாத்தியத்துக்கு டேப் அச்சிட்டார். அந்த இத்தாலிய முறையில் கோடுகள் தலைகீழ், தடித்த கம்பிதான் மேலே. குனிந்து பார்ப்பவருக்கு அதுவே வசதி என்று வாதாட இன்றும் ஆள் உண்டு.

டேப் எங்கே கை வைக்க வேண்டும் என்று சொல்லும். எப்போது அடிக்க வேண்டும், எப்போது எடுக்க வேண்டும் என்பது மேலே இருக்கும் ஐந்து கோட்டில்தான் இருக்கிறது. ராக்கில் பாதி விஷயம் அந்த 'எப்போது'. ஐந்து கோட்டில் எது சி, எது எஃப் என்று தெரியாவிட்டால் பரவாயில்லை. கால் நோட், அரைக்கால் நோட், புள்ளி, இரண்டு நோட்டை இணைக்கும் வளைவு, நிறுத்தக் குறிகள் ஆகியவற்றை மட்டும் அடையாளம் காணப் பழகிக்கொள்ளுங்கள். சில நாள் வேலைதான். இதைச் செய்யாதவர்கள் டேப்பில் எண்களை எல்லாம் ஒரே இடைவெளியில் தட்டிக்கொண்டே போவார்கள். எண்கள் சரியாக இருந்தாலும் பாட்டு அடையாளம் தெரியாது.

பாட்டின் முதல் பக்கத்தில் தலைப்புக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும், டியூனிங். அதைப் படிக்காமல் ஆரம்பித்துவிட்டு 'புத்தகம் தப்பு' என்பவர்கள் நிறைய. கிட்டார் கலைஞர்கள் ஹென்ட்ரிக்ஸும் ஸ்டீவி ரே வானும் பெரும்பாலும் ஒரு ஃபிரெட் அளவு கீழே இறக்கித்தான் வாசித்தார்கள். புத்தகம் அதை 'ஈ' கார்டாகவே எழுதும், ஒலிப்பதிவில் கேட்பது ஈ பிளாட். பிளாக் சபாத் குழுவின் கிட்டார் கலைஞர் டோனி அயோமி தொழிற்சாலை விபத்தில் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். கம்பி தளர்வாக இருந்தால் வாசிப்பது எளிது. 1971-இல் வந்த ஆல்பத்தில் மூன்று ஃபிரெட் அளவு வரை இறக்கிவிட்டார். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் ஆறாவது கம்பியைக் கழற்றிவிட்டு மீதி ஐந்தை ஜி, டி, ஜி, பி, டி என்று வைத்துக்கொள்வார். அதில் ஒரு விரல் படுக்க, இரண்டு விரல் மேலே தட்ட முடிந்துவிடும் ரிஃபைச் சாதாரண டியூனிங்கில் தேடினால் நான்கு விரலும் முடிச்சுப் போட்டுக்கொள்ளும். 'டிராப் டி' என்றால் ஆறாவது கம்பி மட்டும் ஈயிலிருந்து டிக்கு இறங்கும். தடித்த மூன்று கம்பியிலும் ஒரே விரலைப் படுக்கவைத்தால் பவர் கார்ட் (மூல சுரமும் ஐந்தாம் சுரமும் மட்டும் உள்ள கார்ட்) கிடைத்துவிடும்.

டியூன் செய்யும்போது எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றி நிறுத்துங்கள். மேலிருந்து இறக்கி நிறுத்தினால் கம்பியை முறுக்கும் சாவியின் பல்லில் உள்ள தளர்வு அப்படியே நிற்கும், நாலு அடியில் சுருதி இறங்கும். மிதக்கும் பிரிட்ஜ் உள்ள, அதாவது கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் பகுதி ஸ்பிரிங்கில் அசையும், கிட்டாரில் ஒரு கம்பியை இறக்கினால் மற்ற ஐந்தும் ஏறும், மூன்று நான்கு சுற்று போக வேண்டும். கம்பி 9-42 செட்டாக (மெல்லிய, தடித்த கம்பிகளின் தடிமனைச் சொல்லும் எண்கள்) இருந்து, ஒரு ஃபிரெட் இறக்கியபின் தொளதொளவென்று இருந்தால் 10-46 செட்டுக்கு மாறலாம். எல்லாம் சரியாக வைத்தும் பழைய ஒலிப்பதிவோடு மயிரிழை விலகினால் குறை உங்களிடம் இல்லை. ஒலிநாடா ஓடிய வேகத்தில் சிறு வித்தியாசம் இருந்திருக்கும். டியூனரை ஓரம் வைத்துவிட்டு ஒலிப்பதிவின் சுருதிக்கே கிட்டாரை நகர்த்துங்கள்.

எந்தப் பாட்டில் ஆரம்பிப்பது? முதல் பக்கத்தில் வேண்டாம். புத்தகத்தில் பாட்டுகள் பெரும்பாலும் அகர வரிசையிலோ ஆல்பத்தின் வரிசையிலோ இருக்கும், எளிது கடினம் என்ற வரிசையில் இருக்காது. மிகப் பிடித்த பாட்டிலும் ஆரம்பிக்க வேண்டாம் என்பது என் கருத்து. அதை அரைகுறையாக வாசித்து வெறுத்துப்போவதைவிட நாலாவது பாட்டாக எடுத்துக்கொள்ளலாம். வேகம் நிமிடத்துக்கு 120 தட்டுக்குள் இருக்கட்டும். ரிஃப் முதல் ஐந்து ஃபிரெட்டுக்குள் அடங்கட்டும். வெர்ஸும் கோரஸும் பெரும்பாலும் பவர் கார்டாக இருக்கட்டும். சோலோ எப்படி இருந்தாலும் கவலையில்லை, அது பிறகு.

பத்துப் பக்கப் பாட்டைப் பார்த்து மலைக்க வேண்டாம். 120 வேகத்தில் நான்கு நிமிடம் ஓடும் நாலு தட்டுப் பாட்டில் 480 தட்டு. நாலு தட்டு சேர்ந்தது ஒரு பார், ஆக 120 பார். அதில் ஒன்றுக்கொன்று உண்மையிலேயே வித்தியாசமான பார்கள் பல பாட்டுகளில் பதினைந்தைத் தாண்டாது. புத்தகமே அதைச் சொல்லும். முதல் தடவை முழுதாக எழுதி 'ரிதம் ஃபிகர் 1' என்று பெயர் வைத்துவிட்டு, அடுத்த தடவை வெறும் சாய்கோடுகளைப் போட்டு 'ரிதம் ஃபிகர் 1 போல' என்று விட்டுவிடும். பென்சிலை எடுத்து, புதிதாக வரும் பார்களை மட்டும் வட்டமிடுங்கள். பயிற்சிக்குரிய பாட்டு அவ்வளவுதான்.

கிட்டாரைத் தொடுவதற்கு முன் புத்தகத்தைத் திறந்து வைத்து, பாட்டை ஓடவிட்டு, விரலால் பாரைத் தொட்டுக்கொண்டே போங்கள். இரட்டைப் புள்ளி போட்ட கோடு வந்தால் திரும்பு. '1' என்று அடைப்பு போட்ட முடிவை முதல் சுற்றில் வாசி, இரண்டாம் சுற்றில் அதைத் தாண்டி '2'க்குப் போ. 'டி.எஸ். அல் கோடா' என்றிருந்தால் கோடு வெட்டிய எஸ் குறிக்குத் திரும்பி, 'டு கோடா' என்ற இடம் வந்ததும் குறுக்குக்கோடு போட்ட வட்டத்துக்குத் தாவு. வாசிப்பவர்கள் கைதடுமாறி நிற்கும் பல இடங்களில் உண்மையில் வழிதான் தவறியிருக்கும். விரல் தவறாமல் கடைசி வரை வரும்வரை வாசிப்பு வேண்டாம்.

இனி ஒரு ரிஃபை நெருக்கமாகப் பார்ப்போம். எந்தப் பாட்டிலிருந்தும் எடுத்ததல்ல, பயிற்சிக்குப் போட்டது. ஒரு பாரில் நான்கு தட்டு, ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிரித்து 'ஒன் அண்ட் டூ அண்ட் த்ரீ அண்ட் ஃபோர் அண்ட்' என்று எண்ணுகிறோம். முதல் மூன்று இடத்தில், அதாவது ஒன், அண்ட், டூ, ஆறாவது கம்பி திறந்தபடி, பாம் மியூட்டோடு, அதாவது உள்ளங்கை விளிம்பால் ஒலியை அடக்கி. டூவுக்குப் பிந்திய அண்டில் ஜி5 பவர் கார்ட்: ஆள்காட்டி விரல் ஆறாவது கம்பி மூன்றாம் ஃபிரெட்டில், மோதிர விரல் ஐந்தாவது கம்பி ஐந்தாம் ஃபிரெட்டில். இது த்ரீ முழுக்க ஒலித்துக்கொண்டிருக்கும். த்ரீக்குப் பிந்திய அண்டில் மறுபடி திறந்த ஆறாவது கம்பி. ஃபோரில் ஏ5, அதே பிடி இரண்டு ஃபிரெட் மேலே. கடைசி அண்ட் மௌனம்.

டேப்பில் இது ஆறு எண் குவியல், அவ்வளவே. பக்கத்தில் இல்லாதது இனிதான்.

வலது கையின் சுண்டுவிரல் பக்கத்து உள்ளங்கை விளிம்பு பிரிட்ஜின் மேல், கம்பி புறப்படும் இடத்தில் பாதி ஏறி உட்கார வேண்டும். அரை அங்குலம் முன்னே போனால் சுருதியே செத்து 'டப் டப்' என்று கேட்கும். பின்னே போனால் மியூட்டே ஆகாது. 'டுக்' என்ற ஒலிக்குள் ஈ என்ற சுருதி தெளிவாகக் கேட்கும் இடத்தைத் தேடிப் பிடியுங்கள். அழுத்தத் தேவையில்லை, கையின் எடையே போதும். அழுத்தினால் கம்பி வளைந்து சுருதி ஏறும்.

பிக் எல்லா அடியும் கீழ்நோக்கி. மேல்-கீழ் மாற்றி அடித்தால் ஜி5 மேல்நோக்கிய அடியில் விழும். அப்போது மெல்லிய பக்கத்துக் கம்பி முதலில் பட்டு, கார்டின் கனம் போய்விடும். த்ரீயில் அடி இல்லை, ஆனால் கை நிற்கக் கூடாது. கம்பியைத் தொடாமல் காற்றில் ஒரு கீழ் அடி போட்டு வரட்டும். கை நின்றால் அடுத்த அண்ட் எங்கே விழ வேண்டும் என்பதை ஊகிக்க வேண்டி வரும், ஊகம் பெரும்பாலும் முந்திப் போகும்.

ஜி5-இலிருந்து திறந்த கம்பிக்குத் திரும்பும்போது விரலைச் சட்டென்று தூக்கினால் ஆறாவது கம்பி தானாகவே ஒரு 'டொய்ங்' போடும். பிடியை முதலில் தளர்த்துங்கள், விரல் கம்பியில் ஒட்டியே இருக்கட்டும். அதே நொடியில் உள்ளங்கை பிரிட்ஜில் இறங்கட்டும். பிறகு விரலை எடுத்தால் சத்தம் வராது. கடைசி அண்டில் வரும் மௌனத்துக்கும் இரண்டு கையும் வேண்டும். டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்கும் அமைப்பு) போட்ட ஆம்பில் மௌனம் தானாக வராது. ஒரு கையை மட்டும் எடுத்தால் மிச்சக் கம்பிகள் முனகிக்கொண்டே இருக்கும். அந்த மௌனம் சுத்தமாக விழுந்தால்தான் அடுத்த பாரின் முதல் அடிக்கு உறைப்பு வரும்.

அடிக்காத கம்பிகளையும் கவனிக்க வேண்டும். ஆறாவது கம்பியில் பவர் கார்ட் பிடிக்கும்போது ஆள்காட்டி விரலின் அடிப்பகுதி நான்கு முதல் ஒன்று வரையான கம்பிகளை அழுத்தாமல் தொட்டுக்கொண்டு படுத்திருக்க வேண்டும். ஐந்தாவது கம்பியில் பிடித்தால், அதே விரலின் நுனி ஆறாவது கம்பியை லேசாக முட்டி நிற்க வேண்டும். சோதிப்பது எளிது: கார்டைப் பிடித்து ஆறு கம்பியையும் ஒரே இழுப்பில் அடியுங்கள். இரண்டு சுருதி மட்டும் கேட்டு, மற்றவை 'சக்' என்று போனால் கை சரி.

கார்டின் பெயர் மேலே ஜி என்று இருக்கும், டேப்பில் இரண்டு கம்பி மட்டும் இருக்கும். முழு ஜி மேஜரைப் பிடித்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். ஃபிரெட் அமைப்பில் ஐந்தாம் சுரம் இயற்கை விகிதமான 3:2-இலிருந்து 2 சென்ட்தான் (ஒரு ஃபிரெட்டின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) விலகியிருக்கிறது. மேஜர் மூன்றாம் சுரமோ 5:4-இலிருந்து கிட்டத்தட்ட 14 சென்ட் ஏறியிருக்கிறது. சுத்தமான ஒலியில் இது காதில் உறுத்தாது. டிஸ்டார்ஷன் சுருதிகளை ஒன்றோடொன்று பெருக்கிப் புதிய சுருதிகளை உண்டாக்கும். அந்த 14 சென்ட் விலகல் அங்கே கரகரவென்ற சேறாகிவிடும். பவர் கார்டில் மூன்றாம் சுரத்தை விட்டுவிட்டதற்கு அதுதான் காரணம்.

வேகத்துக்கு வருவோம். பாட்டு 120 என்றால் மெட்ரோனோமை 72-இல் வையுங்கள், அதாவது அறுபது சதவீதம். வட்டமிட்ட ஒரு பாரைத் தொடர்ந்து மூன்று முறை பிசகில்லாமல் வாசித்தால் 4 ஏற்றுங்கள். தோளோ மணிக்கட்டோ இறுகினால் 8 இறக்குங்கள். மெதுவாக வாசிக்கும்போது விரலைத் தாராளமாகத் தூக்கி இறக்கும் பழக்கம் வந்துவிடும், வேகத்தில் அது நடக்காது. 72-இலும் விரல் கம்பியை விட்டு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. கீழ் அடி மட்டும் போடும் பாட்டு 140 வேகம் என்றால் நிமிடத்துக்கு 280 அடி. அதை முழங்கையால் அடித்தால் ஒரு வெர்ஸ் தாங்காது, மணிக்கட்டிலிருந்து வர வேண்டும்.

பார்கள் தனித்தனியாக வந்துவிட்டபின் பாட்டு உடையும் இடம் தையல்தான். ஒவ்வொரு பகுதியையும் அதன் தொடக்கத்திலிருந்தே பழகுவதால், வெர்ஸின் கடைசி பாரிலிருந்து கோரஸின் முதல் பாருக்குக் கை ஒருமுறைகூடப் போயிருக்காது. அந்த இரண்டு பாரை மட்டும் வெட்டியெடுத்துச் சுற்றிச் சுற்றி வாசியுங்கள். சுருதி மாறாமல் வேகத்தைக் குறைக்கும் செயலிகள் இருக்கின்றன. அசல் ஒலிப்பதிவை 70 சதவீதத்தில் ஓடவிட்டுச் சேர்ந்து வாசிப்பது மெட்ரோனோமை விட நல்லது, டிரம்ஸ் எங்கே சாய்ந்து வாசிக்கிறது என்பதும் கேட்கும்.

பெண்ட், அதாவது அழுத்திய கம்பியைப் பக்கவாட்டில் தள்ளிச் சுருதியை ஏற்றுவது, பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். டேப்பில் வளைந்த அம்பும் மேலே 'ஃபுல்' என்றும் இருந்தால் இரண்டு ஃபிரெட் அளவு சுருதி ஏற வேண்டும், '1/2' என்றால் ஒரு ஃபிரெட். எவ்வளவு தூரம் தள்ள வேண்டும் என்பதைக் கண் சொல்லாது, காதுதான் சொல்லும். மூன்றாவது கம்பி ஒன்பதாம் ஃபிரெட்டை அடித்துக் கேளுங்கள். இப்போது ஏழாம் ஃபிரெட்டில் மோதிர விரலை வைத்து, பின்னால் நடுவிரலையும் ஆள்காட்டியையும் அதே கம்பியில் துணைக்கு நிறுத்தி, கட்டைவிரலைக் கழுத்தின் மேல் கொக்கிபோல் போட்டு, கதவுக் குமிழைத் திருப்புவதுபோல் மணிக்கட்டைத் திருப்புங்கள். விரலால் தள்ளினால் வலிக்கும், சுருதியும் எட்டாது. ஆரம்பத்தில் ஏறக்குறைய எல்லோரும் குறைவாகவே ஏற்றுவார்கள், காது அதை 'வந்துவிட்டது' என்று ஒப்புக்கொண்டுவிடும். அதைப் பிடிக்க, ஆள்காட்டியை மட்டும் இரண்டாவது கம்பி ஐந்தாம் ஃபிரெட்டுக்கு மாற்றி, அதையும் சேர்த்து அடித்துக்கொண்டே ஏற்றுங்கள். அதுவும் அதே ஈதான். இரண்டும் நெருங்கும்போது 'வவ்வவ்வ' என்ற அலை மெதுவாகி மெதுவாகி நின்றுபோகும். நின்ற இடம்தான் ஃபுல். மிதக்கும் பிரிட்ஜ் என்றால் பெண்ட் ஏற ஏற இரண்டாவது கம்பி கீழே இறங்கும், அலை முழுதாக நிற்காது. அங்கே இந்தச் சோதனையை நம்ப வேண்டாம், டியூனரில் பாருங்கள். சுருதியை அசைக்கும் வைப்ராட்டோவும் அதே மணிக்கட்டுத் திருப்பல்தான், ஏறி இறங்கும் அகலம் ஒரே சீராக இருக்க வேண்டும்.

ஆம்பில் கெயினை (டிஸ்டார்ஷனின் அளவை) ஒலிப்பதிவில் கேட்பதைவிடக் குறைவாக வையுங்கள். அங்கே அவ்வளவு கனமாகக் கேட்பதற்குப் பல சமயம் காரணம், ஒரே பகுதியை இருமுறை வாசித்து இடது வலது என்று பிரித்து வைத்திருப்பதுதான். ஹெட்ஃபோனை ஒரு காதில் மட்டும் வைத்துக் கேட்டால் தெரியும். புத்தகத்தின் கிட்டார் 1 எந்தக் காதில் இருக்கிறது, கிட்டார் 2 எங்கே என்று குறித்துக்கொண்டு, ரிஃபைத் தாங்கும் ஒன்றை எடுத்து அதிலேயே நில்லுங்கள். சுவாரசியமான துண்டுகளை இரண்டிலிருந்தும் பொறுக்கினால் எந்தப் பகுதியும் முழுதாக வராது. மிட் (நடு அலைவரிசை) குமிழைப் பூஜ்யத்துக்கு இறக்கும் பழக்கம் தனியறையில் இனிக்கும், டிரம்ஸோடு சேர்ந்தால் கிட்டார் காணாமல் போகும். பிக் 0.73 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கட்டும், அதைவிட மெல்லியது பவர் கார்டில் மடங்கிக்கொள்ளும்.

புத்தகம் தப்பும் செய்யும். பெரும்பாலும் சுருதியில் இல்லை, இடத்தில். ஒரே ஈ சுரம் முதல் கம்பியைத் திறந்தபடி அடித்தாலும், இரண்டாவதின் ஐந்தாம், மூன்றாவதின் ஒன்பதாம், நான்காவதின் பதினான்காம் ஃபிரெட்டிலும் கிடைக்கும். எழுதியவர் காதால் கேட்டு ஒன்றை ஊகித்திருப்பார். அரை நொடியில் கை ஏழு ஃபிரெட் தாவ வேண்டியிருந்தால் சந்தேகப்படலாம். அந்தக் கலைஞரின் மேடைக் காட்சி கிடைத்தால் கை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தடித்த கம்பியில் மேல் ஃபிரெட் என்றால் ஒலி உருண்டையாக இருக்கும், மெல்லிய கம்பியில் கீழ் ஃபிரெட் என்றால் கூர்மையாக இருக்கும். சரியான இடத்தைப் பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் முதல் பாட்டிலேயே புத்தகத்தைக் குறை சொல்லக் கிளம்ப வேண்டாம். வாசிப்பதைக் கைபேசியில் பதிந்து கேட்டாலே தப்பு யார் பக்கம் என்று தெரிந்துவிடும்.

எல்லாம் சரியாக இருந்தும் மேல் ஃபிரெட்டுகளில் கார்ட் மட்டும் கசந்தால் கிட்டாரைப் பாருங்கள். பன்னிரண்டாம் ஃபிரெட்டில் கம்பியைத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கும், அதே இடத்தில் அழுத்தி அடிக்கும் சுருதியும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்தியது ஏறியிருந்தால் பிரிட்ஜில் அந்தக் கம்பி உட்காரும் சிறு தாங்கியான சேடிலைக் கழுத்திலிருந்து விலக்கிப் பின்னே தள்ள வேண்டும், இறங்கியிருந்தால் முன்னே. புதிய கம்பி மாட்டியபின் செய்யுங்கள், பழைய கம்பியில் செய்தால் வீண்வேலை.

புத்தகம் மடியிலோ கட்டிலிலோ இருந்தால் கழுத்து வளைந்து இடது மணிக்கட்டு மடங்கும். ஸ்டாண்டில் கண் மட்டத்தில் வையுங்கள். பக்கம் திருப்பும் இடம் ரிஃப் நடுவில் வந்தால், அடுத்த பக்கத்தின் முதல் இரண்டு பாரை ஒரு துண்டுத்தாளில் எழுதி இந்தப் பக்கத்தின் அடியில் ஒட்டிவிடலாம்.

ஒரு பாட்டு முடிந்தது என்று எப்போது சொல்வது? அசல் வேகத்தில், ஒலிப்பதிவோடு, முதல் தட்டிலிருந்து கடைசி வரை நிற்காமல் வந்துவிட்டால். இரண்டொரு அடி தப்பலாம், தப்பினால் அடுத்த பாரின் முதல் தட்டில் ஏறிக்கொள்ளுங்கள், திரும்பிப் போய்த் திருத்த வேண்டாம். சோலோ இன்னும் வரவில்லை என்பது தடையில்லை. சோலோ ஓடும்போது அதன் அடியில் கிட்டார் 2 என்ன வாசிக்கிறது என்று அதே பக்கத்தில் எழுதியிருக்கும். பல பாட்டுகளில் அது வெர்ஸின் ரிஃபேதான். அதை வாசித்துக்கொண்டே சோலோவைக் கடந்து கடைசிக் கோரஸுக்குள் போய்விடலாம்.